முதல் எலக்ட்ரிக் கிட்டாருக்கு மரம் பொறுக்குவது: நெக்கில் தொடங்கி பாடி வரை

கம்பி ஏறி ட்யூனில் நிற்கிற கிட்டாரின் விவரம் முதலில். 648 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), 22 ஃப்ரெட் (சுரம் பிரிக்கும் உலோகக் கோடு), நான்கு திருகில் முடுக்கிய நெக் (கை பிடிக்கும் தண்டு), கம்பியைத் தாங்கும் அசையாத பிரிட்ஜ், இரண்டு ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்). பாடி இரண்டு துண்டு மகோகனி. நெக் பழைய தேக்கு நிலைச்சட்டத்திலிருந்து அறுத்த மூன்று பட்டைகளை ஒட்டியது. ஃப்ரெட்டுகள் பதியும் ஃப்ரெட்போர்ட் பலகை ஈட்டி மரம். மொத்த எடை மூன்றரைக் கிலோவை ஒட்டி. ஈரக்காற்று மாதங்களும் வறண்ட மாதங்களும் போன பிறகும் நெக் நேராக இருக்கிறது, பாடியின் ஒட்டுக்கோடு விரலுக்குத் தட்டுப்படவில்லை. எனவே மரம் எப்படிப் பொறுக்கப்பட்டது என்பதை எழுதி வைக்கலாம்.

மரம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது எது நல்ல சத்தம் தரும் என்பதுதான். முதல் கிட்டாருக்கு அந்தக் கேள்வியைத் தள்ளி வையுங்கள். எந்த பிக்கப், அது கம்பிக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பவை சத்தத்தை மாற்றுகிற அளவுக்கு பாடியின் மரம் மாற்றாது. மரம் சரியில்லாவிட்டால் கெடுவது வேறு விஷயங்கள்: நெக் முறுக்கிக்கொள்ளும், ஃப்ரெட் முனை வெளியே நீட்டும், ஒட்டு திறக்கும், எடை தோளை அழுத்தும். 10–46 கம்பிக்கட்டு (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் மெல்லிய, தடித்த கம்பியின் தடிமன்) வழக்கமான ட்யூனிங்கில் நெக்கை ஏறத்தாழ 45 கிலோ விசையுடன் இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இழுவையைத் தாங்குவது நெக்தான். ஆகவே பொறுக்கும் வரிசை நெக், அடுத்து ஃப்ரெட்போர்ட், கடைசியில் பாடி. செலவும் அதே வரிசையில் போகட்டும். பாடிக்கு அலங்காரப் பலகை வாங்கிவிட்டு மிச்சக் காசில் நெக் தேடினால் கிட்டார் தேறாது.

வரைபடம் முடிவாகட்டும்

மரத்தைத் தொடுவதற்கு முன்பே முழு அளவு வரைபடம் தாளில் இருக்க வேண்டும். வடிவம்தான் கட்டையின் அளவைச் சொல்கிறது. ட்யூனர்கள் நிற்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருந்தால் நெக் கட்டை 60 மி.மீ.க்கு மேல் தடிமனாக வேண்டும், இல்லாவிட்டால் சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும். ஒரே கட்டையில் சாய்வைக் கடைந்தெடுத்தால் நட்டுக்கு (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) பின்னால் இழை குட்டையாகி, கீழே விழுந்தால் அங்கேயே முறியும். முதல் கிட்டாருக்கு நேரான ஹெட்ஸ்டாக் போதும். அதற்கு 22 மி.மீ. தடிமனுள்ள கட்டையே தாராளம். பிற்பாடு 19 மி.மீ.க்கு இழைத்து மேலே 6 மி.மீ. ஃப்ரெட்போர்ட் ஒட்டினால் நெக்கின் அடிப்பகுதி 25 மி.மீ. வரும். பாடியில் 16 மி.மீ. ஆழப் பள்ளம் போக 9 மி.மீ. மேலே நிற்கும்.

நீளக் கணக்கு: நட்டிலிருந்து 22ஆவது ஃப்ரெட் வரை 466 மி.மீ., அதற்கு அப்பால் சில மி.மீ., ஹெட்ஸ்டாக் 190 மி.மீ. ஆக 670 மி.மீ. வந்துவிடும். கட்டை 720 மி.மீ.க்குக் குறையக் கூடாது, ஏனெனில் இரு முனைகளிலும் கீறல் விட்ட பகுதியை வெட்டித் தள்ள வேண்டியிருக்கும். அகலம் 60 மி.மீ. போதும். ஆறு ட்யூனரும் ஒரே வரிசையில் நிற்கும் ஹெட்ஸ்டாக்குக்கு 80 முதல் 90 மி.மீ. வேண்டும், குறைகிற அகலத்துக்கு அதே மரத்துண்டைப் பக்கத்தில் காதாக ஒட்டிக்கொள்ளலாம். கம்பியின் இழுவை அந்த ஒட்டைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.

ஈரத்தை அளப்பது

எந்த மரம் என்பதைவிட எவ்வளவு காய்ந்த மரம் என்பதே முக்கியம். காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருந்தால் மரம் ஏறத்தாழ 12 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். 50 சதவீதத்தில் 9, 80 சதவீதத்தில் 16. கிட்டார் எந்த அறையில் இருக்கப் போகிறதோ அந்த அறையின் கணக்குக்கு மரம் வந்த பிறகுதான் அறுக்க வேண்டும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்கள் படுத்திருக்கும் மகோகனிப் பலகை 350 மி.மீ. அகலம் இருந்து, 16 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்குக் காய்ந்தால் 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். 56 மி.மீ. அகல ஈட்டி ஃப்ரெட்போர்ட் அரை மி.மீ.க்கு மேல் சுருங்கும். உலோக ஃப்ரெட் சுருங்காது. பக்கத்துக்குக் கால் மி.மீ. நீட்டிக்கொண்டு கையைக் கீறும்.

ஈரமானி இல்லையென்றால் சமையலறைத் தராசும் ஓவனும் போதும். பலகையின் முனையிலிருந்து ஒரு கை நீளத்துக்கு உள்ளே தள்ளி ஒரு சிறு துண்டு வெட்டுங்கள். முனையில் வெட்டக் கூடாது, அங்கே மரம் எப்போதும் அதிகமாகக் காய்ந்திருக்கும். உடனே எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸில் வைத்து, இரண்டு மணிக்கு ஒரு தரம் எடுத்து எடை பாருங்கள். எடை இறங்குவது நின்றதும் கணக்கிடுங்கள். முதலில் 112 கிராம், கடைசியில் 100 கிராம் என்றால் ஈரம் 12 சதவீதம். காய்ந்த எடையால்தான் வகுக்க வேண்டும். ஈர எடையால் வகுத்தால் கணக்கு குறைவாகக் காட்டும்.

பச்சைப் பலகையைக் காற்றில் காய வைப்பதற்கு 25 மி.மீ. தடிமனுக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. 45 மி.மீ. பாடிக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. பழைய கதவு நிலை, கட்டில் சட்டம், மேசைப் பலகை எல்லாம் கைகொடுப்பது இங்கேதான். குயீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே 1963இல் தன் தந்தையோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டாரின் நெக், ஒரு பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மகோகனி. அதில் இருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். மரம் பல பத்தாண்டுகள் காய்ந்திருந்தது என்பதே அதன் தகுதி. பழைய மரத்தில் இரண்டு சோதனை கட்டாயம். வலுவான காந்தத்தை எல்லா முகத்திலும் ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒளிந்திருக்கும் ஒரு ஆணி, மரம் குடையும் ரூட்டர் இயந்திரத்தின் பிட்டைத் தின்றுவிடும். இரண்டாவதாக, துளைகளைத் தட்டினால் புதிய வெண்பொடி கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது, அந்தக் கட்டை வேண்டாம்.

நெக் கட்டை

நேரான இழை, காய்ந்த மரம், கணு இல்லாமை. இந்த மூன்றும் இருந்தால் மேப்பிள், மகோகனி, தேக்கு மூன்றுமே நல்ல நெக் தரும். ஒன்று குறைந்தாலும் விலை உயர்ந்த மேப்பிள்கூட வேலைக்கு ஆகாது.

இழை நேராக ஓடுகிறதா என்பதை மேல்முகத்தின் கோடுகளை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது. அறுத்த முகத்தில் கோடு நேராகத் தெரிந்தாலும் உள்ளே நார் சரிந்து ஓடலாம். நம்பகமான சோதனை, முனைத்துண்டை உளி வைத்துப் பிளப்பது. பிளவு நாரோடுதான் போகும். 300 மி.மீ. நீளத்துக்கு 10 மி.மீ.க்கு மேல் பிளவு விலகினால் அதை நெக்குக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. பிளக்க வசதி இல்லாதபோது பக்கத்து முகத்தில் மையை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அது நார் ஓடும் திசையில் மெல்லிய கோடாகப் படரும்.

அடுத்து வெட்டுமுகம். வளையங்கள் நிமிர்ந்து நிற்கும்படி அறுத்த கட்டை கோணுவது குறைவு. காரணம், மரம் வளையத்தின் திசையில் சுருங்குவது குறுக்குத் திசையில் சுருங்குவதைப் போல இரு மடங்கு வரை வரும். மேப்பிளில் அது 9.9க்கு 4.8 சதவீதம், தேக்கில் 5.3க்கு 2.6. தேக்கின் இரண்டு எண்ணுமே சிறியவை என்பதால்தான் இந்த நெக்குக்கு அது முன்னால் வந்தது. எடையிலும் கன மீட்டருக்கு 650 கிலோ அளவில் மேப்பிளைவிடக் கொஞ்சம் இலேசு.

கிடைத்த நிலைச்சட்டத்தில் வளையம் படுத்திருந்தது. அதை நீளவாக்கில் பட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் கால் திருப்பு திருப்பி நிறுத்தினால் வளையம் நிமிர்ந்துவிடும். பக்கத்துக்கு ஒன்றாக 25 மி.மீ. பட்டை இரண்டு, நடுவில் 10 மி.மீ. பட்டை ஒன்று. பக்கப் பட்டைகளில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி ஒட்ட வேண்டும். ஒன்று இடப்பக்கம் வளைய முயன்றால் மற்றது வலப்பக்கம் முயலும், இரண்டும் சேர்ந்து அசையாது. நடுப்பட்டைக்கு அழகான மரம் தேடி அலைய வேண்டாம். நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே பதிக்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடின் 6 மி.மீ. காடி அதன் நடுவில்தான் போகிறது. ஹெட்ஸ்டாக்கிலும் பின்புறத்திலும் மட்டுமே அது கண்ணில் படும்.

அறுத்த உடனே ஒட்டக் கூடாது. தடித்த கட்டைக்குள் அடைபட்டிருந்த இறுக்கம் அறுத்ததும் விடுபட்டு, பட்டை வில்லாக வளையும். 3 மி.மீ. கூடுதலாக அறுத்து, நான்கு பக்கமும் காற்றுப் படும்படி குச்சிகளின் மேல் இரண்டு வாரம் விட்டு, வளைந்ததை இழைப்புளியால் நேராக்கி, மறுபடி ஒரு வாரம் விட்டு, அதற்குப் பிறகும் நேராக நிற்கும் பட்டைகளையே பசைக்குக் கொண்டு போக வேண்டும். மறுபடி வளைந்த பட்டையைக் கிளாம்ப் போட்டு நேராக்கி ஒட்டினால் அது மறக்காது. கம்பி ஏறிய பிறகு தன் வளைவுக்கே திரும்பப் பார்க்கும்.

தேக்கில் எண்ணெய் உண்டு. இழைத்த முகத்தை அசிட்டோன் நனைத்த துணியால், துணியில் மஞ்சள் நிறம் ஏறுவது நிற்கும் வரை துடைத்து, அது ஆவியானதும் காலம் தாழ்த்தாமல் ஒட்ட வேண்டும். அடுத்த நாளுக்கு விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். இந்த நெக்கில் எல்லா ஒட்டும் எபாக்சி. ஃப்ரெட்போர்ட் ஒட்டுக்கும் அதையே சொல்வேன்: நீர் கலந்த பசை மெல்லிய ஃப்ரெட்போர்டின் அடிமுகத்தை ஊதச்செய்து, காயும்போது நெக்கையே வளைத்துவிடக் கூடும். தேக்கில் சிலிக்காவும் உண்டு என்பதால் இழைப்புளியின் வாய் சீக்கிரம் மழுங்கும். தீட்டுக்கல் பக்கத்திலேயே இருக்கட்டும். தேக்கு, ஈட்டி இரண்டின் தூளும் தோலையும் மூச்சையும் உறுத்தும், ஆகவே முகமூடி இல்லாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

ஓர் அளவை நெக்கைச் செதுக்குவதற்கு முன்பே எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். முதல் ஃப்ரெட்டில் மொத்தத் தடிமன் 21 மி.மீ. அதில் ஃப்ரெட்போர்ட் 6, டிரஸ் ராடின் காடி 10. மிஞ்சுவது 5 மி.மீ. மரம். பின்புறத்தை உருட்டும்போது அரம் அந்த 5 மி.மீ.க்குள்தான் வேலை செய்கிறது. வழவழப்பாக வருகிறதே என்று தேய்த்துக்கொண்டே போனால் காடி வெளியே தெரிந்துவிடும். நெக்கை முன்னும் பின்னும் இருபக்கமும் வளைக்கக்கூடிய வகை டிரஸ் ராடே முதல் கிட்டாருக்கு ஏற்றது. அதற்கு நேர்காடி போதும், வளைந்த காடி தோண்டத் தேவையில்லை.

ஃப்ரெட்போர்ட்

500 × 65 × 7 மி.மீ. துண்டு ஒன்று போதும். கடினமும் சீரான இழையும் தேவை. ஃப்ரெட்டின் அடித்தகடு ஏறத்தாழ அரை மி.மீ., அதற்கு அறுக்கும் காடி 0.6 மி.மீ. மரம் மெத்தென்று இருந்தால் அந்தக் காடி ஃப்ரெட்டைப் பிடித்து வைக்காது. ஈட்டி முதல் முயற்சிக்கு மிக ஏற்றது. ரம்பத்துக்குத் தணிந்து கொடுக்கும், மேலே பூச்சு தேவையில்லை. கருங்காலி அழகு, ஆனால் அரைகுறையாகக் காய்ந்த கருங்காலி பிற்பாடு முனையில் வெடிக்கும்; அதன் எடையும் கூடுதல். மேப்பிள் போட்டால் அழுக்கு ஏறாமல் இருக்கப் பூச்சு அடிக்க வேண்டும், அதை ஃப்ரெட்டுகளின் இடையில் செய்வது பொறுமையைச் சோதிக்கும். வயதான புளியமரத்தின் வைரம் கிடைத்தால் விடாதீர்கள். கரும்பழுப்பு நிறம், இரும்பு போன்ற கடினம். ஆனால் பெரிய துண்டாகக் கிடைப்பது அரிது, ரம்பப் பல்லும் சீக்கிரம் போகும்.

ஈட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். 2017 ஜனவரி 2 முதல், ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் (முதல் பட்டியலில் உள்ள பிரேசிலிய ரோஸ்வுட் நீங்கலாக) அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. பலகையாக எல்லை தாண்டி வரவழைத்தால் காகிதம் தேவை, எனவே உள்ளூரில் ரசீதோடு வாங்குவதே சிரமமில்லாத வழி.

பாடி: தராசு சொல்வது

தட்டையான, 45 மி.மீ. தடிமனுள்ள வழக்கமான பாடியின் கன அளவு 4.3 லிட்டர் அளவில் வரும். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எந்தப் பலகையையும் வாங்கும் முன்பே மதிப்பிடலாம். நீளம், அகலம், தடிமனைப் பெருக்கி லிட்டராக்கி, எடையை அதனால் வகுத்து, 4.3ஆல் பெருக்குங்கள். இந்த மகோகனிப் பலகை ஒட்டி இழைத்த பிறகு 510 × 350 × 45 மி.மீ., அதாவது 8 லிட்டர். எடை 4.3 கிலோ. லிட்டருக்கு 535 கிராம். பாடி 2.3 கிலோ வரும், பிக்கப் பள்ளம், வயர் பள்ளம், நெக் பள்ளம் எல்லாம் தோண்டியபின் 2.1. நெக் 600 கிராம், உலோகப் பாகங்களும் பிக்கப்பும் 800 கிராம். கணக்கும் தராசும் ஒத்துப்போயின.

அதே கணக்கில் ஆல்டர் மரம் லிட்டருக்கு 450 கிராம் என்றால் பாடி 1.9 கிலோ, தேக்கு 2.8, ஈட்டி 3.5. ஈட்டியில் முழுப் பாடி கேட்க ஆசையாக இருக்கும். 1969இல் ஃபெண்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஈட்டி டெலிகாஸ்டர் கிட்டாரையே எடை தாளாமல் பிற்பாடு உள்ளே குடைந்துதான் செய்தார்கள். எதிர்ப்பக்கமும் எல்லை உண்டு. பாலோனியா லிட்டருக்கு 300 கிராம்தான், பாடி 1.3 கிலோவில் முடிந்துவிடும், ஆனால் வார் போட்டு நின்றால் ஹெட்ஸ்டாக் தரையைப் பார்க்கும். திருகும் அதில் நிற்காது. துளைக்குள் மெல்லிய சூப்பர் க்ளூ விட்டு, அது இறுகிய பின் மறுபடி முடுக்க வேண்டும். லிட்டருக்கு 420 முதல் 580 கிராம் வரை உள்ள எந்த மரமும் நல்ல பாடி. பாஸ்வுட், பாப்ளர், இலேசான மகோகனி, பைன் எல்லாம் இந்த வரம்பில் அடங்கும். ஃபெண்டரின் தொடக்க கால கிட்டார்களில் சில பைன்தான். பைனில் கணுவிலிருந்து பிசின் கசிந்து பெயின்ட்டைக் கறையாக்கும், அதனால் முதலில் ஷெல்லாக் பூச வேண்டும். எம்.டி.எஃப். வேண்டாம். லிட்டருக்கு 700 கிராமுக்கு மேல், திருகும் பிடிக்காது.

இரண்டு துண்டு, மூன்று துண்டு பாடிக்கு வெட்கப்படத் தேவையில்லை. ஒரே அகலப் பலகையைவிட அது நேராகவே நிற்கும். ஒட்டும் விளிம்புகளை இரண்டு பலகையையும் புத்தகம் போல மடித்து ஒன்றாகக் கட்டி ஒரே தடவையில் இழையுங்கள். இழைப்புளி சற்று சாய்ந்து போயிருந்தாலும் விரித்துச் சேர்க்கும்போது இரு சாய்வும் ஒன்றையொன்று சரிசெய்துவிடும். விளக்கை எதிரே வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பசை தடவிக் கிளாம்ப் போட்டபின் ஒட்டு உறுதியாக ஒரு மணி நேரம் போதும், ஆனால் மறுநாளே மேல்முகத்தை இழைக்காதீர்கள். பசையின் நீர் விளிம்பை ஊதச்செய்திருக்கும். அந்த மேட்டையும் சேர்த்து இழைத்துவிட்டால், சில வாரம் கழித்து ஊதல் வற்றும்போது பளபளப்பான பூச்சின் நடுவே ஒரு பள்ளக்கோடு எழும். ஒரு வாரம் பொறுத்து இழைத்தால் வராது.

வடிவத்தை ஜிக்சாவில் 2 மி.மீ. தள்ளி வெட்டி, மிச்சத்தை மட்டும் ரூட்டரால் எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 3 மி.மீ. ஆழம். கொம்பு வளைவுகளில் பிட் இழைக்கு எதிராக ஏறும் இடத்தில்தான் சில்லு பெயரும். அங்கே பலகையைத் திருப்பிப் போட்டு, அடியில் பேரிங் உள்ள பிட்டால் மறுபக்கமிருந்து வெட்டினால் இழையோடு இறங்கும். மகோகனியில் இழை பின்னிப் பின்னி ஓடுவதால் உப்புத்தாள் மட்டும் போட்டால் பஞ்சு போல எழும்பும், ஸ்கிரேப்பர் தகடு சுத்தமாக எடுக்கும். துளை பெரிதான மரம் என்பதால் பூச்சுக்கு முன் நிரப்பி தேய்க்க வேண்டும்; ஆல்டரிலும் பாஸ்வுட்டிலும் இந்த வேலை மிச்சம்.

நெக் திருகு 4.2 × 45 மி.மீ. பாடியில் 4.5 மி.மீ. துளை, திருகு அங்கே தளர்வாகப் போக வேண்டும். நெக்கில் 3.2 மி.மீ. துளை, திருகில் கொஞ்சம் மெழுகு. பாடியில் மிஞ்சிய 29 மி.மீ., தகடு 2 மி.மீ. போக 14 மி.மீ. நெக்குக்குள் ஏறும். அடியில் மரம் 19 மி.மீ. இருப்பதால் ஃப்ரெட்போர்டைத் தொடாது.

அடுத்ததில் மாற்றுவது

கட்டைக்கு இன்னும் 20 முதல் 30 மி.மீ. அகலம் தேடி, ஹெட்ஸ்டாக் காதை ஒட்டும் வேலையைத் தவிர்க்கலாம். நிலைச்சட்டத்தில் வளையம் ஏற்கெனவே நிமிர்ந்திருக்கும் கோணத்துத் துண்டை முதலிலேயே தேடினால் மூன்று பட்டையாக அறுக்கவும் வேண்டாம், ஒரே கட்டையில் நெக் வரும். பாடியில் பிரிட்ஜுக்கு இருபுறமும் பின்னாலிருந்து இரண்டு அறை குடைந்து 4 மி.மீ. பலகையால் மூடினால், லிட்டருக்கு 650 கிராம் உள்ள தேக்கிலேயே பாடி செய்து இந்த எடைக்கு அருகில் கொண்டுவர முடியும். அரை லிட்டருக்கு மேல் குடைந்தால் 350 கிராம் குறைகிறது.

கம்பி ஏற்றியபின் முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து 7ஆவது ஃப்ரெட்டில் இடைவெளியை அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். 0.2 மி.மீ. சரியான இடம். இரண்டு வாரம் கழித்தும் காலநிலை மாறும்போதும் மறுபடி அளக்க வேண்டும். இடைவெளி ஆறு கம்பிக்கும் ஒரே மாதிரி ஏறி இறங்கினால் டிரஸ் ராட் பார்த்துக்கொள்ளும். தடித்த கம்பிப் பக்கம் ஓர் அளவும் மெல்லிய கம்பிப் பக்கம் வேறு அளவுமாகப் பிரிய ஆரம்பித்தால் நெக் முறுக்குகிறது; அதற்கு ராடில் மருந்து இல்லை. நான்கு திருகைக் கழற்றி வேறு நெக் செய்து போட வேண்டியதுதான், பாடி அப்படியே இருக்கும்.